அந்த நாற்பத்தைந்து யாருடையது

போன மாதம் மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரியில் உயிரியல் மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. முப்பத்தொரு வருடம் ஒரே பரிசோதனைக்கூடத்தில் மனிதர்களின் குரோமோசோம்களை எண்ணியவள் என்பதால் கூப்பிட்டார்கள். பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். இப்போது மென்பொருளே குரோமோசோம்களைப் பிரித்து வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிடுகிறதே, கண்ணால் எண்ணிய காலத்தில் உங்களுக்கு அது ஆச்சரியமாக இருந்ததா, இல்லை பழகிப்போய்விட்டதா என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் ஆச்சரியம்தான் என்றேன். கைதட்டினார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. பொய் இல்லை, ஆனால் மேடைக்கான பதில். மனித உயிர் என்பது என்ன, அதில் யாருக்கு என்ன பங்கு என்று என்னை உண்மையிலேயே கேட்க வைத்தது ஆச்சரியம் இல்லை. ஒரு பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருந்த ஒரு வரி. அதை அந்தப் பிள்ளைகள் முன்னால் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். இதில் வருகிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்த கையோடு அந்தக் கூடத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கண்ணாடித் துண்டுகளைக் கழுவியதும் கரைசல் கலந்ததும்தான். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வேலை என்று நான் சொல்வது அதற்குப் பிறகு வந்தது.

நோயாளியின் ரத்தத்தில் சில சொட்டுகளை ஊட்டக்கரைசலில் விட்டு உடம்புச் சூட்டில் மூன்று நாள் வைப்போம். வெள்ளை அணுக்கள் அதில் பெருகும். ஒரு செல் இரண்டாகப் பிரியப்போகிற கொஞ்ச நேரத்தில்தான் குரோமோசோம்கள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கட்டத்தில் செல்லை அப்படியே நிறுத்திவைக்க ஒரு மருந்து சேர்ப்போம். கண்வலிக்கிழங்குச் செடியிலிருந்து எடுப்பது. திண்டுக்கல்லுக்கு மேற்கே கம்பிப் பந்தல் போட்டு வளர்ப்பார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். தின்றால் ஆளைக் கொல்லும். அதில் ஒரு துளி, பிரியப் போன செல்லை நடுவழியில் நிறுத்திவிடும். பிறகு செல்லை ஊதவைத்து, மெத்தனால் கலந்த கரைசலில் மூன்று முறை கழுவி, கையை உயர்த்திக் கண்ணாடித் துண்டின் மேல் சொட்டவிடுவோம். விழுகிற வேகத்தில் செல் விரிந்து குரோமோசோம்கள் பரவும். சாயமேற்றிப் பார்த்தால் வரிவரியாகச் சின்னப் புழுக்கள் மாதிரி நாற்பத்தாறு, எண்ணிட்ட இருபத்துமூன்று ஜோடி. கலெக்டருக்கும் நாற்பத்தாறு, வாசல் பெருக்க வருகிற அம்மாவுக்கும் நாற்பத்தாறு. முதல்முறை எண்ணி முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. அது ஆச்சரியம். அந்த மாணவியிடம் சொன்னது அதைத்தான்.

எங்கள் கூடத்தின் தலைவர் தாமோதரன் சார். ஒல்லியானவர், குரலை உயர்த்தவே மாட்டார். தப்பு செய்தால் திட்டமாட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, நாமே சொல்லும் வரைக்கும் சும்மா நிற்பார். அது திட்டைவிட மோசம். அவர் சில விதிகள் வைத்திருந்தார். உருப்பெருக்கி அறைக்குள் செருப்பு கூடாது. ஓர் ஆளுக்கு முப்பது செல் எண்ண வேண்டும், இருபத்தொன்பதில் நிறுத்தக் கூடாது. அறிக்கையில் ‘குறை’ என்று எழுதக் கூடாது, ‘மாற்றம்’ என்றுதான் எழுத வேண்டும். குழாய்களில் பெயரையும் எண்ணையும் பென்சிலால் ஒட்டுத்தாளில் எழுத வேண்டும். மார்க்கர் பேனாவைத் தொடவே கூடாது, மெத்தனால் பட்டால் அந்த மை அழிந்துவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. ஊட்டக்கரைசலுக்குப் புதுப் புட்டி பிரிக்கும் அன்று, அது நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எங்களில் ஒருவருடைய ரத்தத்தையும் ஒரு குழாயில் சேர்த்து வளர்ப்போம். கன்ட்ரோல் என்போம். அதில் செல் வளர்ந்திருக்கிறதா என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எண்ணக் கூடாது. “நம்மகிட்ட யாரும் கேட்காத கேள்விக்கு நாம பதில் எடுக்கக் கூடாது” என்பார் சார். அதனால் எத்தனையோ முறை ரத்தம் கொடுத்தும் என் குரோமோசோம்களை நான் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. எங்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருந்தது. நோயாளிகள் லென்சுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

எட்டு வருடத்துக்கு முன்னால் செல்வியும் அவள் கணவன் முருகனும் வந்தார்கள். மேலூர் பக்கம் ஒரு கிராமம். நாலு முறை கரு தங்காமல் கலைந்திருந்தது. செல்வியோடு டி. கல்லுப்பட்டியிலிருந்து அவள் அம்மாவும் வந்திருந்தார். முருகனின் அம்மா வராந்தாவில் உட்கார்ந்து, யாரிடம் கோளாறு என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று எங்கள் வரவேற்பறைப் பெண்ணிடம் இரண்டு முறை கேட்டாராம்.

முருகனுக்கு நாற்பத்தாறு, ஒரு மாற்றமும் இல்லை. செல்விக்கு நாற்பத்தைந்து வந்தது. முப்பது செல்லிலும் அதே நாற்பத்தைந்து. பதினான்காவது குரோமோசோமில் ஒன்றும் இருபத்தொன்றாவதில் ஒன்றும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு ஒரே துண்டாக நின்றன. இப்படி இருப்பவருக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது. சரக்கு கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது, கட்டு மட்டும் வேறு மாதிரி. ஆனால் பிள்ளைக்குப் பாதி பிரித்துக் கொடுக்கும்போது பிசகும். பல கருக்கள் கலையும். சில பிள்ளைகள் இருபத்தொன்றாவது ஒரு பங்கு கூடுதலாக, அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கிற டவுன் சிண்ட்ரோம் பாதிப்போடு பிறக்கும். சில நல்லபடியாகவும் பிறக்கும்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டார். செல்வியை உட்காரவைத்து, இது யார் தப்பும் இல்லை, இப்படியே நல்ல பிள்ளை பெற்றவர்களும் உண்டு என்று நான்தான் விளக்கினேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அவள் அம்மா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். நான் நன்றாகப் பேசினேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

இந்த மாற்றம் யார் வழியாக வந்தது என்று தெரிந்தால் செல்வியின் தங்கைக்கும் உதவும் என்று அவளுடைய அப்பா அம்மா ரத்தத்தையும் கேட்டோம். ஆறு வாரம் கழித்துக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் நாற்பத்தாறு. அப்படியும் நடக்கலாம், புதிதாக ஒரு பிள்ளையிடமே தொடங்கலாம். சார் திருப்தியடையவில்லை. செல்வியின் ரத்தத்தை இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். அதற்குள் அவளைப் புருஷன் வீட்டார் கல்லுப்பட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்த முறை நாற்பத்தாறு. ஒரு மாற்றமும் இல்லை.

சார் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் பழைய பதிவேடு விரிந்து கிடந்தது. செல்வியின் முதல் ரத்தம் வந்த வாரம், புதுப் புட்டி பிரித்ததாக என் கையெழுத்தில் ஒரு வரி. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“அந்த வாரம் புதுப் புட்டி பிரிச்சிருக்கோம், கோமதி. கன்ட்ரோலுக்கு யார் ரத்தம் குடுத்தது?”

“நான்தான் சார்,” என்றேன்.

பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவுக்குச் சொல்வது மாதிரி சட்டென்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்கு அந்த வாரம் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. ஒட்டுத்தாள் தீர்ந்துபோயிருந்தது. ஒரு நாள்தானே என்று மார்க்கரால் எழுதினேன். கழுவும்போது இரண்டு குழாயில் மை கரைந்து போனது. குழாய்த் தாங்கியில் எது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும் என்று நம்பி, அழிந்ததன் மேல் திரும்ப எழுதினேன். இருபது வருட அனுபவக்காரி. இரண்டுமே பெண் ரத்தம். ஒன்று ஆண் ரத்தமாக இருந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

உட்காருங்கள் என்று சார் சொன்னது தெரிகிறது. நான் நின்றுகொண்டே இருந்தேன். தப்பு செய்தது ஒரு அதிர்ச்சி. அதன் பின்னால் இன்னொன்று நிற்பது தெரிந்தும் அதைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

“உங்களோடதைப் பார்க்கணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்,” என்றார் சார். “செல்வியோட அறிக்கையைத் திருத்த அது தேவையில்லை.”

பார்க்கச் சொன்னேன். அவரே என் கையில் ஊசி போட்டு எடுத்தார். எல்லா வேலையையும் அவரே செய்தார். என்னைக் கிட்டவே விடவில்லை. மூன்று நாள் கழித்துச் சாயமேற்றிய கண்ணாடித் துண்டை உருப்பெருக்கியில் வைத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

முதல் செல்லிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் முப்பதையும் எண்ணினேன். முப்பதிலும் நாற்பத்தைந்து. பதினான்கும் இருபத்தொன்றும் ஒட்டிய அதே துண்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து, ‘பாவம் இந்தப் பொண்ணு’ என்று நினைத்துக்கொண்டே நான் எண்ணியது என்னைத்தான்.

எனக்கும் மூன்று முறை கலைந்தது. அதை இவ்வளவு நேரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நான் அப்படித்தான் வாழ்ந்தேன் என்பதுதான். கரைசல்களின் நெடிதான் காரணம், வேலையை விட்டுவிடு என்று என் கணவர் சொன்னார். நான் விடவில்லை. மூன்றாவதுக்குப் பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். வேலைக்காகப் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டேன் என்று ஒவ்வொரு நாளும் கை கழுவும்போது நினைப்பேன். ஊரில் இருக்கிற ஜோடிகளுக்கெல்லாம் எண்ணிச் சொன்னவள், நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாள் ரத்தம் கொடுப்போம் என்று யோசிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் தெரியும். பயம். அதற்கு ‘கேட்காத கேள்வி’ என்று பெயர் வைத்து வசதியாக மறைத்துக்கொண்டேன்.

சார் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அன்று கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“இத்தனை வருசம் பார்த்துட்டேன். லென்சுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது எப்பவும் வேற யாரோன்னுதான் நெனச்சிருக்கேன், கோமதி,” என்றார்.

அன்று மாலை வீட்டில் கணவரிடம் சொன்னேன். “வேலையால இல்லையாம்,” என்றுதான் ஆரம்பிக்க முடிந்தது. அவர் கேட்டுவிட்டு, நான் மூன்று தடவை சொன்னேனே, வேலையை விடு என்று மூன்று தடவை சொன்னேனே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

தப்பான அறிக்கை காகிதத்தில் போனது, திருத்தம் நேரில் போக வேண்டும் என்றார் சார். இருவரும் காரில் மேலூர் போனோம். முருகன் வீட்டில் அவனுடைய அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். வந்த விஷயத்தைச் சார் சொன்னார். எங்கள் கூடத்தில் குழாய் மாறிவிட்டது, செல்விக்கு ஒரு மாற்றமும் இல்லை, தப்பு முழுக்க எங்களுடையது. அந்த அம்மா புரியாதவர் மாதிரி பார்த்துவிட்டு, பீரோவைத் திறந்து ஒன்றை எடுத்துவந்து சார் மடியில் வைத்தார்.

நான் எழுதிய அறிக்கை. லேமினேட் செய்திருந்தார்கள். நாலு பேரிடம் காட்டிக் காட்டிக் காகிதம் கிழிந்துவிடக் கூடாது என்று செய்ததாம். சிங்கம்புணரி பக்கம் வேறு பெண் பார்த்திருக்கிறார்கள். அவர்களிடமும் காட்டியாகிவிட்டது. என் கையெழுத்து பிளாஸ்டிக்குக்குள் பளபளவென்று இருந்தது.

முருகன் தூணில் சாய்ந்து நின்றான். “அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையா சார்? பெறகு ஏன் தங்கல?”

“தெரியலை,” என்றார் சார். “எங்களுக்குத் தெரியலைன்னு எழுதித் தர்றேன்.”

கத்தரிக்கோல் கேட்டார். அந்த அம்மா கொடுக்கவில்லை. முருகன்தான் உள்ளே போய் எடுத்துவந்தான். சார் அந்த அறிக்கையை நாலாக வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, புதிய அறிக்கையை முருகனிடம் கொடுத்தார்.

செல்வி கல்லுப்பட்டியில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கேயே போனோம். ரேஷன் அட்டையோடு இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு எங்களைப் பின்னால் இருந்த பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள். சார் திருத்தத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த ரத்தம் இன்னொருவருடையது, அவர் யார் என்பது அவருடைய சொந்த விஷயம் என்றும் சொன்னார். காரிலேயே என்னிடம் அதை வற்புறுத்தியிருந்தார்.

செல்வி முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போல. வரவில்லை. “ரெண்டு மாசமா நான் என்னைய எப்படி நெனச்சுக்கிட்டு இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

என்னால் முடியவில்லை. அது என்னுடைய ரத்தம் என்று சொல்லிவிட்டேன். சார் குறுக்கிடவில்லை.

கடை முன்னால் யாரோ கூப்பிட்டும் அவள் எழவில்லை.

“உங்களுக்குப் பிள்ளைக இருக்கா?”

“இல்ல.”

“நீங்க சொன்ன அன்னைக்கு எனக்கு அம்மா கூட இருந்தாக. உங்களுக்கு யாரு இருந்தா?”

நான் அழுதேன். என் தப்பால் வீட்டைவிட்டு வந்தவள் எழுந்துபோய், மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். இப்போது நினைத்தாலும் எனக்கு அது விளங்கவில்லை. என்ன படித்தாலும் எதை எண்ணினாலும் மனுஷருக்குள் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

செல்வி மேலூருக்குத் திரும்பிப் போகவில்லை. சில மாதம் கழித்து முருகன் கல்லுப்பட்டிக்கு வந்துவிட்டான். டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. பொங்கலுக்கு ஒரு முறை போன் செய்வாள். பிள்ளை பற்றி நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

மார்க்கர் விஷயத்தை என் பணிப்பதிவில் ஏற்றச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். சார் ஏற்றினார். ஆறு மாதம் என் அறிக்கைகளை இன்னொருவர் மறுபடி எண்ணிய பிறகுதான் வெளியே அனுப்பினார்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய அடி விளாங்குடியில் காத்திருந்தது. அங்கே என் தம்பி குமரேசன் குடும்பத்தோடு இருக்கிறான். அவன் மகன் கண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. டவுன் பாதிப்போடு பிறந்தவன். பிறந்த அன்று முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இது பெரும்பாலும் தற்செயலாக நடப்பது, யார் வழியாகவும் வருவதில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். பெரும்பாலும் என்ற அந்தச் சொல்லை வேறொருவர் எழுதியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். எங்கள் அம்மாவோ நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. கிரகணத்தன்று மருமகள் வெளியே போய்விட்டு வந்தாள், அதனால்தான் பிள்ளை இப்படி என்றார். ஒவ்வொரு காதுகுத்திலும் ஒவ்வொரு கல்யாணத்திலும் யார் கேட்டாலும் அதையே சொன்னார். தம்பி மனைவி ராஜேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு கண்ணனின் வாயைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

உருப்பெருக்கியில் அந்த ஒட்டிய துண்டைப் பார்த்த கணமே கண்ணன் முகம் வந்துவிட்டது. விளாங்குடிக்குப் போக எனக்கு மூன்று வாரம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் தம்பியையும் ராஜேஸ்வரியையும் உட்காரவைத்துச் சொன்னேன். எனக்கு இருப்பது குமரேசனுக்கும் இருக்கலாம், கண்ணனுக்கு அவன் வழியாகவே வந்திருக்கலாம், ரத்தம் பார்த்தால் தெரியும். தம்பி தரையைப் பார்த்தான். ராஜேஸ்வரி அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“பத்தொம்பது வருசமா ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாக்க உங்களுக்குத் தோணலையா மதினி?”

மறுநாள் காலையிலேயே தம்பியையும் கண்ணனையும் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வரச் சொன்னேன்.

தம்பிக்கும் கண்ணனுக்கும் சாரே பார்த்தார். தம்பிக்கு என்னைப் போலவே நாற்பத்தைந்து. கண்ணனுக்கு எண்ணிக்கையில் நாற்பத்தாறு, ஆனால் அதில் ஒன்று அந்த ஒட்டிய துண்டு. இருபத்தொன்றாவது ஒரு பங்கு கூடுதல். கண்ணனின் குரோமோசோம் படத்தை ராஜேஸ்வரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எது என்று கேட்டாள். விரல் வைத்தேன். குனிந்து பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான்.”

என் பையில் இருந்த என் படத்தையும் அவளுக்கு எடுத்துக் காட்டினேன். அதே துண்டு, அதே இடத்தில் வரி. ஒரே தையல். அது என்னிடம் இருந்ததால் நான் பிள்ளையில்லாதவள். தம்பியிடம் இருந்தும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணனிடம் இருந்ததால் அவன் கண்ணன். எங்களுக்குள் அது நல்லதா கெட்டதா என்று அந்தத் துண்டைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. இத்தனை வருடம் எண்ணியும் அது ஒன்றுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

ராஜேஸ்வரி இரண்டு படங்களையும் மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். “இத என்கிட்ட மட்டும் வீட்டுக்குள்ள சொல்லிட்டுப் போயிராதீங்க மதினி. அத்தை என்னையச் சொன்னதெல்லாம் நாலு பேரு முன்னாடிதான்.”

அடுத்த மாதம் அவர்கள் மாடி கட்டி முடித்துப் பால் காய்ச்சினார்கள். சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டு நடுவில் நின்று நான் சொன்னேன். கண்ணன் இப்படிப் பிறந்தது ராஜேஸ்வரியால் இல்லை, கிரகணத்தால் இல்லை, எங்கள் வீட்டு ரத்தத்தில் வந்தது, எனக்கும் தம்பிக்கும் இருக்கிறது, நான் முன்னாடியே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. ஒரு மாமா எழுந்து வெளியே போனார். அம்மா நாற்காலியில் கண் இமைக்காமல் இருந்தார். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. அன்று அவர் சாப்பிடவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை.

எட்டாவது நாள் காலையில் ஆட்டோ பிடித்துத் தனியாக எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வந்துவிட்டார். வரவேற்பறையில் புடவையை ஒதுக்கிக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “உங்கப்பா இல்ல, அவுகளக் கேக்க முடியாது. என்னோடதப் பாத்துரு,” என்றார்.

அம்மாவுக்கும் நாற்பத்தைந்து.

காகிதத்தைக் கொடுத்து விளக்கினேன், அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு என்னைக் கூட்டிப்போகச் சொல்லாமல், தானாகவே பஸ் ஏறி விளாங்குடிக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. பல நாள் கழித்து ராஜேஸ்வரியே சொன்னாள். அத்தை வந்து நேராக அடுப்படிக்குள் போய், தன்னிடம்தான் இருந்திருக்கிறது, தெரியாமல் இத்தனை வருடம் பேசிவிட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னாராம். பிறகு கண்ணனுக்குச் சோறு போட்டாராம். அன்றிலிருந்து தினமும் வருகிறாராம்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன்.

“இன்னும் இல்ல மதினி,” என்றாள். “ஆனா நாளைக்கும் வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காக. வரட்டும்.”